ஜீப்பு சூடாகிறது

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் செண்பகவல்லியின் பயமெல்லாம். சொல்ல வேண்டி வராமலே போகலாம், லேப்டாப் திரையின் இடது மூலையில் சூடு எழுபத்தெட்டு டிகிரி என்று பச்சையில்தான் காட்டிக்கொண்டிருந்தது, பச்சை இருக்கும்வரை வாயைத் திறக்கத் தேவையில்லை, ஆனாலும் திரைக்குள் இருக்கும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை விட்டுத் தன் பஸ்ஸை வெளியே எடுக்கும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், கிராபிக்ஸ் கார்டு, கிராபிக்ஸ் கார்டு, இன்னொரு பேரும் உண்டு, அது வேண்டவே வேண்டாம், அந்தப் பேரால் வந்த மானக்கேடு போதும். புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகள் முத்தரசி போனில், "அம்மா, ஜிபியு சூடாகுது, அதான் பொசுக்குன்னு ஆஃப் ஆகுது, கடையில ஜிபியு சூடாகுதுன்னு மட்டும் சொல்லு, அவங்களுக்குப் புரிஞ்சிரும்" என்றாள். இவள் காதில் அது ஜீப்பு என்று விழுந்தது. பஸ் ஓட்டுகிற கேமில் ஜீப்பு எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் குழம்பினாள், பிறகு உள்ளே என்னென்னவோ வைத்திருப்பான், ஜீப்பும் வைத்திருப்பான் என்று சமாதானமாகி, மெயின் ரோட்டு லேப்டாப் கடைக்குப் போன் போட்டு, "ஐயா, எங்க வீட்டு ஜீப்பு சூடாயிருது, ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுருது" என்று சொல்ல, கடைக்காரர் மிகவும் மரியாதையாக, "ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாருங்கம்மா, இது கம்ப்யூட்டர் கடை" என்று வைத்துவிட்டார். ஏழாம் வகுப்போடு நின்றவள் என்பது குரலிலேயே தெரிந்துவிடுமோ என்று அன்று சாயங்காலம் வரைக்கும் அடுப்படியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் பேசுவதே வேண்டாமென்று மெஷினையே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். அவர் முதுகுப் பக்கம் கழற்றிப் பார்த்து, ஒரு பிரஷ்ஷால் பஞ்சு பஞ்சாகத் தூசியை எடுத்துவிட்டு, "கார்டு மேல தடவுற பேஸ்ட் காய்ஞ்சு பொருக்கா நிக்குதும்மா. அந்த பேஸ்ட் இருந்தாத்தான் சூட்டை வெளிய கடத்தும். செவ்வாக்கிழமை வரும், போட்டுத் தாரேன். அதுவரைக்கும் கேம் கீம் எதுவும் விளையாட விடாதீங்க உங்க பிள்ளையை" என்றார். பிள்ளையை! விளையாடுவது யார் என்று அவருக்குச் சொல்லவா முடியும், தலையை ஆட்டிவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு ஞாயிறு. ஞாயிறு மூன்று மணிக்கு வண்டி எடுக்காவிட்டால் வேறு எப்போது எடுப்பது, பின்னால் ஒன்பது பஸ் வரிசைகட்டி நிற்கிறதே.

ஒன்பதும் நிஜமான ஆட்கள் ஓட்டுகிற பஸ். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எட்வின், அவர்தான் குரூப்புக்குத் தலைவர், சவுதியில் லாரி ஓட்டும் பீர்மைதீன், இன்னும் ஏழு பேர், எல்லோரும் வாரம் ஆறு நாளும் எதையாவது ஓட்டிவிட்டு ஏழாவது நாளும் ஓட்டத்தான் வருகிறார்கள். பேச்சு போனில். செண்பகவல்லி ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொள்வாள், தன் பக்கத்து மைக்கை ஒருநாளும் திறந்ததில்லை, சொல்ல வேண்டியதைக் கிளம்புவதற்கு முன்பே ஒரு விரலால் தட்டி அனுப்பிவிடுவாள். அவர்களுக்கு அவள் துரைப்பாண்டி அண்ணாச்சி. துரைப்பாண்டி அவள் வீட்டுக்காரர், முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். முத்தரசி புது லேப்டாப் வாங்கியதும் இந்தப் பழையதை அப்பாவுக்கென்றுதான் கொடுத்தாள், அவர் பேரில்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தாள், மனுஷன் அஞ்சு நிமிஷம் ஓட்டிவிட்டு, "ரோடு வருது, உடம்பு போகமாட்டேங்குது, தலை சுத்துது" என்று எழுந்து போய்விட்டார். மூடி வைப்பதற்காகத்தான் இவள் வந்தாள். மூடுவதற்கு முன் ஒரு தடவை, ஒரே தடவை, மேல் அம்புக்குறியை அழுத்திப் பார்த்தாள், பஸ் நகர்ந்தது. அன்றைக்கு நகர்ந்ததுதான். இன்றைக்கு அவள் முதல் பஸ், ஏனென்றால் இன்றைக்குப் பாதை கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில், அந்தத் தடத்தில் எந்த வளைவில் ஹாரன் அடிக்கணும், எந்த இடத்தில் ஆடு குறுக்கே வரும் என்று அவளுக்குத்தான் தெரியும், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து எத்தனை தடவை போய்வந்திருப்பாள். "அண்ணாச்சி முன்னால போங்க, நாங்க உங்க வாலைப் புடிச்சுக்கிட்டே வாரோம்" என்றார் எட்வின், உடனேயே குரலைத் தாழ்த்தி, "ஆனா போன வாரம் மாதிரி நடுரோட்டுல நின்னுராதீங்க. இன்னொரு தடவைன்னா குரூப்பை விட்டுத் தூக்குறதைத் தவிர வேற வழியில்ல, எல்லாரும் கேக்காங்க" என்றார். போன வாரம் எட்டயபுரம் ரோட்டுப் பாலத்தில் தொண்ணூற்றெட்டைத் தொட்டதும் திரை பொட்டென்று இருண்டுவிட்டது. அவள் பஸ் பாலத்தின் மேல் செத்துப்போய் நிற்க, பின்னால் ஆறு பஸ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்று ஆற்றுக்குள்ளேயே போய்விட்டதாம். "அண்ணாச்சி தண்ணியப் போட்டுட்டு உக்காந்திருக்காரு" என்று பீர்மைதீன் சொன்னதை இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒற்றைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு ஒரு குரல் இருந்தும் இல்லை.

எண்பத்திரண்டு. பஸ் ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இறங்கிவிட்டது, ஹா, என்ன போக்கு, நாலாவது கியர், ஐந்தாவது கியர், கண்ணாடியில் ஒன்பது பஸ்ஸும் ஒரே கோட்டில், இடது கை விரல் துள்ளியது, வலது கை விரல் துள்ளியது, நெஞ்சுக்குள் யாரோ கொட்டு அடிக்கிற மாதிரி, ஐம்பத்தொரு வயதில் ஒருத்திக்கு இப்படி வருமா, வந்தால் டாக்டரிடம் காட்டணுமா, எண்பத்திமூன்று. வேண்டியதெல்லாம் செய்துதான் வைத்திருக்கிறாள். சோற்றுப்பானை வைக்கிற பிரிமணை இரண்டை மேஜையில் போட்டு அதன்மேல் லேப்டாப்பை உட்கார்த்தியிருக்கிறாள், வளையம் நடுவில் காலியாக இருப்பதால் அடியில் காற்று ஓடும். டேபிள் ஃபேன் பக்கத்தில் நின்று ஊதுகிறது. முத்தரசி சொன்னபடி கேமுக்குள் நிழலை எடுத்துவிட்டாள், புல்லை எடுத்துவிட்டாள், மழையை எடுத்துவிட்டாள், அதையெல்லாம் வரைந்து வரைந்துதான் கார்டு சூடாகிறதாம். "ஆளுகளையும் எடுத்துரும்மா, பஸ்ஸுக்குள்ள நாப்பது பேரை உக்கார வச்சுக்கிட்டு" என்றாள், அதற்கு மட்டும் மனசு வரவில்லை, காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போக. முதலில் செய்ததைத்தான் முத்தரசியிடம் சொல்லியிருக்கக் கூடாது, ஈரச்சாக்கை நாலாக மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்ததை. போனுக்குள்ளிருந்து அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "கரண்டும்மா அது! தண்ணியா வைப்பே!" பின்னே என்ன செய்வார்கள், அந்தக் காலத்து பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடி மேல் ஈரச்சாக்கைத்தான் போடுவார்கள், கூட்டமென்றால் பெண்பிள்ளைகளை அதன்மேல்தான் உட்காரச் சொல்வார்கள், அவளும் புதுச்சேலையோடு அதில் உட்கார்ந்து கழுகுமலைக்குப் போயிருக்கிறாள், சூடு சாக்கைத் தாண்டி, சேலையைத் தாண்டி, சொல்ல வெட்கமாக இருக்கும், இறங்கி நடக்கவே முடியாது.

எண்பத்தாறு, பச்சை போய் மஞ்சள். விரலுக்குத் தெரிகிறது. நம்பரைப் பார்க்காமலேயே விரலுக்குத் தெரியும், நடு எழுத்துகள் இருக்கும் இடம்தான் முதலில் சுடும், அடியில் அங்கேதான் அந்தக் கார்டு படுத்திருக்கிறது. விரலில் சூடு பட்டால் போதும், தீப்பெட்டி ஆபீஸ் வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு என்று போனவள்தான், சட்டத்தில் குச்சி அடுக்க, பசை தடவிப் பெட்டி ஒட்ட, லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது, அவளுக்குத் திறக்கவில்லை. எட்டாம் நம்பர் கொட்டகையில் ஒருநாள் மருந்து காய்கிற இடத்தில் சர்ர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ சேலையைக் கிழிக்கிற மாதிரி. பக்கத்தில் குச்சி அடுக்கிய பேச்சியம்மாளின் முன்கை மயிர் பொசுங்கிய வாடை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டார்கள், மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள், பேச்சியம்மாளும் வந்தாள், ஆனால் அன்றிலிருந்து வாடை என்று ஒன்று வந்தால் செண்பகவல்லிக்கு முதலில் மூக்கு எழுந்து நிற்கும், பிறகுதான் மற்ற உடம்பு எழுந்து நிற்கும். இப்போது ஏதாவது வாடை வருகிறதா. மூக்கை லேப்டாப் பக்கம் கொண்டுபோனாள். பிளாஸ்டிக் கொஞ்சம். தூசி கொஞ்சம். மத்தியானம் வறுத்த மிளகாய் வற்றல் கொஞ்சம், அது அடுப்படி. அடுப்படித் தீப்பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தோமா? வைத்தோம். இல்லை, மேஜைக்கு வரும்போது கையில் இருந்ததே, இல்லை, அது போன். மூக்கு திரைக்குப் பக்கத்தில் போனதில் பஸ் வெள்ளைக்கோட்டைத் தாண்டிவிட்டது. "அண்ணாச்சி, இடது இடது" என்றார் எட்வின் காதுக்குள். சட்டென்று பிடித்தாள். பிடித்தவிதம் அவளுக்கே பிடித்துப்போனது.

"ஏட்டி, சத்தம் மாறுது" என்றார் துரைப்பாண்டி. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடிதான் சொன்னார், தூக்கமா இல்லையா என்று அவரிடம் கண்டுபிடிக்கவே முடியாது. "எது?" என்றாள், கண்ணை எடுக்காமல். "உன் பெட்டிதான். முதல்ல மூச்சு விட்டுச்சு, இப்ப மூச்சு வாங்குது. ஏத்தத்துல போற வண்டி மாதிரி." "அது ஃபேனுங்க. சூடானா வேகமா சுத்தும்." "சூடானா நிறுத்து." அவ்வளவுதான், திரும்பவும் சுவர். நிறுத்து! சொல்கிற ஆளைப் பார். அவர் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளபளவென்று மயிரில்லாத தோல், இன்றைக்கும் வெயில் பட்டால் அந்த இடம் மட்டும் சிவக்கும். ஒரு தடவை சங்கரன்கோவிலுக்கு ஆறு மைல் இருக்கும்போது எஞ்சின் கொதித்துப் புகை வந்திருக்கிறது, ஓரங்கட்டியிருக்கிறார், அதுவரைக்கும் சரி, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கல்யாணத்துக்கு நேரமாச்சு, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு என்று கத்தியிருக்கிறார்கள், ஒருத்தன் "ஓட்டத் தெரியாதவனையெல்லாம் டிரைவராப் போட்டா இப்படித்தான்" என்றிருக்கிறான். ஆறட்டும் என்று பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை மனுஷனால். துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். கொதிதண்ணீர் ஒரு ஆள் உயரம் எழும்பியதாம். முப்பது வருஷமாக அந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் மூடியின் மேல்தான் தப்பு, வாஷர் சரியில்லை என்பார். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்கத்தான் நினைத்தாள், யாரோ ஒருத்தன் கத்தினதுக்கா?

தொண்ணூற்றொன்று. சிவப்பு. கழுகுமலை தெரிகிறது, தெரிகிறது! எட்வினும் அவர் ஆட்களும் இந்தப் பாதையைத் தாங்களே வரைந்து கேமுக்குள் சேர்த்தவர்கள், மலையைக்கூட வரைந்திருக்கிறார்கள், நிஜத்தைவிடக் கொஞ்சம் கூர்மை, பரவாயில்லை, வளைவு சரியாக இருக்கிறது, அவள் சொன்ன இடத்தில் வேகத்தடை இருக்கிறது, அவள் ஒரு விரலால் தட்டி அனுப்பிய வேகத்தடை, ஊருக்கு முன்னால் ரெண்டு, தாண்டி ஒண்ணு, பத்து பஸ்ஸும் அதில் ஏறி இறங்கின, ஒவ்வொன்றாக, குலுங்கிக் குலுங்கி, "அண்ணாச்சி, பிரமாதம், ரோட்டை மனப்பாடமா வச்சிருக்கீங்க" என்றார் பீர்மைதீன், அவளுக்கு முகமெல்லாம் சூடாகியது, எது யாருடைய சூடு என்றே தெரியவில்லை, தொண்ணூற்றிரண்டு. இன்னும் பத்து மைல் இருக்கும். பதினெட்டு நிமிஷம். வேகமாகப் போனால் பதினைந்து. வேகமாகப் போனால் இன்னும் சூடாகும். மெதுவாகப் போனால் இன்னும் நேரமாகும், நேரமானாலும் சூடாகும். போய்விடலாம், போய்விடலாம், முத்தரசி தொண்ணூற்று மூன்றில் நிறுத்தச் சொன்னாள், முத்தரசி எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே சொல்லுகிறவள், பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கிறவள். தொண்ணூற்று மூன்று. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, பின்னால் ஒன்பது பேர் நுழைய, ஒரு நீள ஹாரன், ஒரே ஒரு தடவை அப்படி. தொண்ணூற்று நான்கு. பிரிமணையிலிருந்து வாடை வருகிறதோ, கயிறு பொசுங்கினால் எப்படி வாடை வரும், தேங்காய்நார் வாடை வரும், வருகிறதா, வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை மாதிரி அம்புக்குறிகள் மேல் அமைதியாக இருந்தது. நின்றால் தூக்கிவிடுவார்கள். நிற்காவிட்டால் தானாக நின்றுவிடும், நடுரோட்டில், பின்னால் ஒன்பது. யாரோ ஒருத்தன் கத்தினதுக்கா?

இடது பக்கம் விளக்கைப் போட்டாள். போட்டது அவள் விரல்தான், ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டு போடவில்லை. "அண்ணாச்சி, எதுக்கு லெஃப்ட்டு? இங்க ஸ்டாப் இல்லையே" என்றார் எட்வின். தொண்ணூற்றைந்து. ஒரு கை அம்புக்குறியில், இன்னொரு கை போனில், குறுக்கே கோடு போட்ட மைக் படம், அதைத் தொட்டாள், கோடு போய்விட்டது. கிராபிக்ஸ் கார்டு, கிராபிக்ஸ் கார்டு. "வண்டி சூடாயிருச்சு" என்றாள். "ஓரங்கட்டுறேன். பின்னால வாரவங்க பாத்து வாங்க." பஸ் மண்ணில் இறங்கி, குலுங்கி, ஒரு வேலிக்காத்தான் புதரை ஒட்டி நின்றது. கைபிரேக். நாலு மூலை விளக்கும் மினுக்க விட்டாள். "யாருங்க பேசுறது? அண்ணாச்சி எங்க?" "அண்ணாச்சி கட்டில்ல படுத்திருக்காங்க. ஓட்டுறது நான்தான். எப்பவும் நான்தான்." எட்வின், "மதினியா!" பிறகு பீர்மைதீன், "அடப்பாவி எட்வினு, ரெண்டு மாசமா மதினிட்டயா நாம அண்ணாச்சி அண்ணாச்சின்னு கெட்ட வார்த்தையெல்லாம் பேசிக்கிட்டிருந்தோம்!" "நான் எங்கடே பேசினேன், நீதான் தண்ணியப் போட்டிருக்காருன்னே." "யாருட்டி என்னைக் கேக்குதது?" என்று கட்டிலிலிருந்து துரைப்பாண்டி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மதினி, போன வாரமும் இதே சூடுதானா?" என்றார் எட்வின். "ஆமா. ஜீப்பு..." என்று ஆரம்பித்துவிட்டாள், போச்சு, எதைச் சொல்லக் கூடாதென்று பத்திரப்படுத்தி வைத்தாளோ அதுவேதான் முன்னால் வந்து நின்றது, "ஜீப்பு தொண்ணூத்தஞ்சுல நிக்குது." "எந்த ஜீப்பு மதினி?" "ஜி. பி. யு" என்றாள் ஒவ்வொரு எழுத்தாக, ரேஷன் கடையில் நம்பர் சொல்கிற மாதிரி. சிரிப்பு என்றால் சிரிப்பு, தூத்துக்குடியும் சவுதியும் சேர்ந்து சிரித்தது, ஆனால் அது அவளைத் தள்ளி வைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை, அவளையும் இழுத்துக்கொண்டு போன சிரிப்பு, அவளே கேட்டாள், தன் குரலும் அதற்குள் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பஸ்ஸாக இடது விளக்கைப் போட்டு மண்ணில் இறங்கியது, இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது. "ஆறட்டும் மதினி. ஜீப்பு ஆறின பிறகு போவோம், இருபது நிமிஷம் கழிச்சு வாங்க, நாங்க டீ போட்டுட்டு வாரோம். முன்னால நீங்கதான் போகணும், எங்களுக்கு ரோடு தெரியாது."

முதலில் கதவைத் திறந்தாள், அதற்கென்று ஒரு எழுத்து இருக்கிறது, நாற்பது பேரும் வரிசையாக இறங்கிப் புல்லில்லாத, நிழலில்லாத தரையில் போய் நின்றார்கள், ஒருத்தரும் கத்தவில்லை. பிறகு கேமை விட்டு வெளியே வந்தாள். உடனே அணைக்கவில்லை, "சும்மா ஓட விட்டு ஆத்து, அப்பத்தான் உள் சூடு இறங்கும்" என்று பின்னால் வந்து நின்ற துரைப்பாண்டி சொன்னார், அவளுக்கும் அது தெரியும். தொண்ணூறு, எண்பத்தொன்று, எழுபது, விசிறியின் மூச்சு வாங்கல் மூச்சு விடலாக மாறியது. அறுபதில் அணைத்தாள். சுவரில் சுவிட்சை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி, லேப்டாப்பைப் பிரிமணையோடு மேஜையின் நடுவுக்கு நகர்த்தி, அடுப்படிக்குப் போய் தீப்பெட்டி மேல்தட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள், இருந்தது. மணி மூன்று நாற்பது. நாலு மணிக்குத்தான். காதுக்குள் யாருடைய வீட்டிலோ டீ ஆற்றுகிற சத்தம். மூன்று நாற்பத்திரண்டு. தொட்டுப் பார்த்தாள், ஆறிவிட்ட மாதிரித்தான் இருக்கிறது, இப்போதே ஆரம்பித்தால் என்ன, ஒரே ஒரு பொத்தான், விரல் அதன் பக்கமாக ஊர்ந்துகொண்டே போனது. துரைப்பாண்டி முன்கையின் பளபளப்பை இன்னொரு கையால் தேய்த்தபடி நின்றார். செண்பகவல்லி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.